அக்கா வைத்த எண்ணெய்ச் சிரட்டை

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அத்தான் என்னைக் கேட்டார்கள். உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அக்காவுக்கு நான் செய்த ஒரு தப்பையும் இதில் எழுதப் போகிறேன் என்பது அத்தானுக்குத் தெரியாது.

அக்கா பிறந்தது அச்சன்புதூரில். பதினாறாம் வயதில் தென்காசியில் ஒரு பெரிய குடும்பத்துக்கு மூத்த மருமகளாக வாழ்க்கைப்பட்டார்கள். வேளைக்கு இருபது பேர் சாப்பிடுகிற வீடு. அண்டா முதல் செம்பு வரை அத்தனை பித்தளையையும் புளியும் சாம்பலும் போட்டு விளக்குவது அக்காவின் வேலை. முகம் பார்க்கும்படி பளபளக்க வேண்டும் என்பது அவர்கள் மாமியார் வைத்த சட்டம். அந்த மாமியாரை நானும் அத்தை என்றுதான் அழைப்பேன். பாத்திரங்கள் பளபளத்தன. அக்காவின் விரல்கள் வெடித்தன.

மூன்றாம் வருஷம் வெடிப்பு புண்ணாகிவிட்டது. குற்றாலத்து அருவியில் குளித்தால் ஆறாத புண் இல்லை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சாரல் தொடங்கியதும் குடும்பத்தோடு குற்றாலத்தில் அவர்களுக்கு இருந்த வீட்டுக்குப் போனார்கள். அக்கா காலையும் மாலையும் அருவியில் குளித்தார்கள். சாரலுக்கு வந்த விருந்தாளிகள் சாப்பிட்ட ஏனங்களை விளக்கியதும் அக்காதான். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. புண் கூடியது. அருவிக்கே அடங்கவில்லையென்றால் இது குஷ்டம் என்கிற பெருநோய்தான் என்று முடிவு கட்டினார்கள். அக்காவை அடுப்படிக்கு வரக்கூடாது என்று விலக்கி வைத்தார்கள். பெண்ணை அழைத்துப் போகும்படி எங்கள் அப்பாவுக்கு ஆள் வந்தது.

அப்பாவும் நானும் போனோம். எனக்கு அப்போது பதினாறு வயது. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். விருந்தாளிகள் போகட்டும், ஒரு வாரம் பொறுத்துக் கூட்டிப் போங்கள் என்றார்கள். அதுவரை ஏனம் விளக்குவது என் தலையில் விழுந்தது. அப்பா ஊர் திரும்பினார்கள். முதல் நாள் மத்தியானம் அக்கா தம் இலையிலிருந்து ஒரு வாய் சோறு பிசைந்து, சின்ன வயதிலிருந்து செய்கிற மாதிரி என்னிடம் நீட்டினார்கள். பசிக்கவில்லை என்று பொய் சொல்லி எழுந்துவிட்டேன். அக்கா நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்கள். நான் செய்த தப்பு அதுதான்.

ஏழாம் நாள் காலையில் என் விரலிடுக்கில் தோல் உரிந்து நீர் கசிந்தது. நோய் ஒட்டிக்கொண்டது என்று அழுதேன். அக்கா என் கையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு தம் கையை அதன் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு வாரம் புளியும் சாம்பலும் படாத அந்தக் கையில் புண் வாய் மூடியிருந்தது.

“அழாதட்டி. இது சீக்கு இல்ல. சீக்குன்னா எனக்கு ஆறுமா? புளியும் சாம்பலும்லா நம்ம கையத் தின்னுருக்கு.”

என்னை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போய், உள்ளே கால் வைக்காமல் நின்று, நான்கு கைகளையும் அத்தையிடம் காட்டினார்கள். அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

“உள்ள வாளா. ஏனத்தப் பாத்த கண்ணு ஒங் கையப் பாக்கலியே” என்றார்கள்.

அப்பா கொண்டுவந்த வண்டியில் நான் மட்டும் ஊர் திரும்பினேன்.

அதற்குப் பிறகு, தென்காசி வீட்டில் பாத்திரம் விளக்கும் அங்கணத்தில் அக்கா ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்தார்கள். கையில் எண்ணெய் தடவாமல் அந்த வீட்டில் ஒருவரும் சாம்பலைத் தொடக்கூடாது. புளியைத் துணியில் முடிந்துதான் தேய்க்க வேண்டும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, மறுபடியும் எண்ணெய். வெடிப்பு கண்டவள் ஆறும்வரை வேறு வேலை பார்ப்பாள். பித்தளைக்கு முன்னால் பெரியக்கா நமக்கு மெருகு போடுகிறார்கள் என்று கொழுந்தன்மாரின் மனைவிகள் கேலி செய்வார்கள். பித்தளை கொஞ்சம் மங்கியதும் உண்மைதான். முகம் பார்க்கிற சட்டத்தை அத்தை அதோடு விட்டுவிட்டார்கள்.

யுத்த காலத்தில் எண்ணெய்க்குப் பஞ்சம். செங்கோட்டைக்கு ஆள் அனுப்பி ஒரு குப்பி வாங்கினாலே பெரிய காரியம். அக்கா தலைக்கு வைப்பதை நிறுத்திவிட்டுச் சிரட்டையை நிரப்பினார்கள். இதென்ன கோலம் என்று கேட்டேன். முடிக்கு வலிக்காது என்றார்கள்.

போன ஐப்பசியில் விஷக்காய்ச்சல் கண்டு இருபது நாள் கிடந்தார்கள். மழையிலும் வந்து பார்த்த வைத்தியருக்கும், கண் விழித்துப் பணிவிடை செய்த கொழுந்தன்மாரின் மனைவிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துப் பந்தி முடிந்து ஏனங்கள் மலையாகக் குவிந்தபோது, யாரும் சொல்லாமலே அங்கணத்துச் சிரட்டையை ஒருவர் நிரப்பி வைத்திருந்தார்கள். அவர் யாரென்று இன்றும் எனக்குத் தெரியாது. இதைப் படித்தால் அவருக்கு என் கும்பிடு.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்த ஒரு மத்தியானம், குழைந்த சோற்றைக் கிண்ணத்தோடு அக்காவின் மடியில் வைத்து, எனக்கு ஒரு வாய் தரும்படி கேட்டேன். உருட்டி நீட்டினார்கள்.

“இப்பம் பசிக்குதாட்டி?” என்றார்கள்.

இத்தனை வருஷத்தில் அந்தப் பொய்யைப் பற்றி ஒருநாளும் கேட்காத அக்கா. பசிக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.