குஷன்காரர் ஒட்டிய நிறுத்தம்

நாற்காலியின் இருக்கையை இரண்டு கை முட்டியாலும் அழுத்திப் பார்த்து, "செத்துப்போச்சு" என்று அதற்கு இரங்கல் தெரிவித்துவிட்டுத்தான் குஷன்காரர் உட்காருவார். கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் மண்டபத்தில் எந்த நாற்காலியும் இதுவரை அவரிடம் நல்ல பெயர் வாங்கியதில்லை. தான் உட்கார்ந்த பிறகு பக்கத்து நாற்காலியையும் சோதிப்பார். அதில் ஆள் இருந்தால், "கொஞ்சம் எந்திரிங்க, பாத்துட்டுத் தரேன்" என்பார்.

எங்கள் தெருவில் சோபா, கட்டில் மெத்தை, கார் சீட் என்று மனிதர்கள் சாயும் எதற்கும் பஞ்சு மாற்றி உறை தைப்பவர் அவர். வாயோரத்தில் எப்போதும் சின்ன ஆணிகள் சில இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டே பேசுவார், சிரிப்பார், சண்டையும் போடுவார். சாப்பிடும்போது மட்டும் எடுத்துவிடுவார் என்று அவர் மனைவி சொல்வதை நான் முழுதாக நம்பவில்லை. கூட்டத்தில் அவர் ஆணிகளைத் துப்பிச் சட்டைப் பைக்குள் போட்டால், மைக் கேட்கப் போகிறார் என்று அர்த்தம். திட்ட அலுவலகத்திலிருந்து வரும் பெண் அதிகாரி அதைக் கண்டதும் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் சாலையோடு சாலையாக ஒரு சின்ன ரயில் ஓடப் போகிறது. அது எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தெருக்காரர்களே முடிவு செய்யலாம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். வந்தது வினை. ரயில் எல்லோருக்கும் வேண்டும். நிறுத்தம் மட்டும் அடுத்தவர் வாசலில் வேண்டும். கடைசியில் அளந்து பார்த்து, இரண்டே இடம்தான் தோதுப்படும் என்றார்கள். ஒன்று குஷன்காரர் கடை வாசல். இன்னொன்று நேர் எதிரே, அவர் மச்சினனின் மீன் தொட்டிக் கடை வாசல். மற்ற நாங்கள் எல்லோரும் அன்றிலிருந்து நிம்மதியாக, வேடிக்கை பார்ப்பதற்காகவே கூட்டத்துக்கு வர ஆரம்பித்தோம்.

குஷன் கடைக்குள் தையல் இயந்திரமும் அவரும் நிற்கத்தான் இடம். பெரிய சோபா வந்தால் வாசலில்தான் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றைக் கிழிப்பார். அங்கே நிறுத்த மேடை எழும்பிவிட்டால் பிழைப்பில் பாதி போய்விடும். அந்தப் பயம் நிஜமானது, அதில் எனக்குக் கேலி இல்லை. "ஒத்த ஸ்டூலுக்கு உறை போட்டு நான் குடும்பம் நடத்தணுமா?" என்று அவர் கேட்டபோது மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை.

மச்சினனுக்கு வேறு கவலை. ரயில் நின்று கிளம்பும்போதெல்லாம் தரை அதிரும், மீன்களுக்கு மயக்கம் வரும் என்பது அவர் கட்சி. இரண்டு பேரும் நேரில் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள். ஒருவருக்கு மனைவி, இன்னொருவருக்கு அக்கா ஆகிவிட்ட பாவத்துக்கு அந்த அம்மாள்தான் நடுவில் உட்கார்ந்து தபால்காரர் வேலை பார்த்தார்.

"உன் தம்பிகிட்ட சொல்லு. மீனுக்குக் காலே கிடையாது. தரை அதிர்ந்தா அதுக்கென்ன?"

"அத்தான்கிட்ட சொல்லுக்கா. தொட்டிக்குக் கால் இருக்கு."

மண்டபத்து மேஜையில் எங்கள் தெருவையே அட்டையில் செய்து வைத்திருந்தார்கள். வீடும் கடையும் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பெட்டிகள்; தெருமுனைத் தண்ணீர் டேங்க் மட்டும் தனியாகத் தெரியும். நிறுத்தத்துக்குப் பச்சை வண்ணம் அடித்த ஒரு மரக்கட்டை. "தாராளமா நகர்த்திப் பாருங்க" என்பார் அதிகாரி. அத்தானும் மச்சினனும் மாறி மாறி நகர்த்தியதில் கட்டையின் வண்ணமே உரிந்துவிட்டது. குஷன்காரர் எப்போதும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் கட்டையைத் தொடுவார். கிட்டே இருப்பது தன் கடை, எட்டத்தில் இருப்பது மச்சினன் கடை. எட்டத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். வேறு அடையாளம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

கடைசிக் கூட்டத்தன்று, தேநீர் இடைவேளை முடிந்ததும் கட்டை இருக்கும் இடத்துக்குக் கை தூக்கச் சொல்லப் போவதாக அதிகாரி அறிவித்தார். எல்லோரும் தேநீருக்கு நகர்ந்தோம். குஷன்காரர் மட்டும் நகரவில்லை. பையிலிருந்து ரப்பர் பசை டப்பாவை எடுத்தார். கட்டையின் அடியில் தாராளமாகத் தடவினார், எட்டத்து வரிசையில் வைத்தார், கை முட்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கோப்பையும் கையுமாக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுத்திருக்கலாம்தான். ஆனால் ஒரு மனிதர் அவ்வளவு ஈடுபாட்டோடு தொழில் செய்யும்போது குறுக்கே போவது மரியாதையாகாது.

தேநீர் வைக்க இடம் வேண்டும் என்று மண்டபத்து ஆட்கள் அன்று காலையில் அந்த மேஜையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் உறைக்கவில்லை.

அதிகாரி வந்து, எல்லோருக்கும் காட்டுவதற்காகக் கட்டையைத் தூக்கினார். கட்டையோடு தெருவே எழும்பியது. மண்டபம் முழுக்கப் பசை நாற்றம். எல்லா மூக்கும் ஒரே ஆளை நோக்கித் திரும்பின. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி தெருவைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "தெருமுனைத் தண்ணி டேங்க் இந்தப் பக்கம் இருக்கு. அப்படின்னா... இது குஷன் கடை வாசல் ஆச்சே?"

எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தோம். பிறகு மருந்துக் கடைக்காரர், "தன் வாசலையே தூக்கிக் குடுத்துட்டாருய்யா மனுஷன்!" என்று கை தட்டினார். அது பற்றிக்கொண்டது. மண்டபமே தட்டியது. குஷன்காரர் ஆணிகளை விழுங்காமல் இருந்ததே அதிசயம். துணியைத் திருப்பிப் போட்டுத் தைத்தே ஆயுளைக் கழித்தவர், தெருவைத் திருப்பிப் போட்டதும் ஏமாந்துவிட்டார்.

மச்சினன் அக்காவைத் தாண்டி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அத்தான், என் மீனுக்காகவா?"

"இல்ல மாப்ளே, அது வந்து..."

"ஒண்ணும் பேசாதீங்க. பெரிய சோபாவையெல்லாம் இனிமே என் கடை வாசல்ல போட்டு வேலை பாருங்க. எவன் கேக்கறான்னு நான் பாக்கறேன்."

அந்த அம்மாளுக்குப் புருஷனையும் தெரியும், பசை டப்பாவையும் தெரியும். நடந்தது அவருக்குப் புரியாமல் இருக்காது. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "இனிமே யாருக்கும் நான் தபால் கொண்டு போகமாட்டேன், சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அதிகாரிக்கு லேசான சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அருகில் வந்து மெதுவாகக் கேட்டார். "சார், முழு சம்மதம்தானே? இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க, பிரிச்சிடலாம்."

குஷன்காரர் ஆணிகளைத் துப்பிச் சட்டைப் பைக்குள் போட்டார். அதிகாரி தண்ணீர் பாட்டிலைத் தேடினார். ஆனால் அவர் மைக் கேட்கவில்லை. பழைய உறைகளைப் பிரிக்கும் மெல்லிய கத்தியை எடுத்துக்கொண்டு மேஜையருகே போய் மண்டியிட்டார். கை தட்டல் நின்றுவிட்டது. மச்சினனின் முகம் வாடியது. கத்தி கட்டையின் அடிக்குப் போயிற்று. சுற்றிலும் பிதுங்கியிருந்த பசையை மட்டும் நுனியால் வழித்தெடுத்துத் துடைத்துவிட்டு, கட்டையை இரண்டு கை முட்டியாலும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.