கறிக்கு வைத்த மீனை விற்றவன்

நாங்கள் சாப்பிடட்டும் என்று என் தங்கை அனுப்பிய கருவாட்டை நான் கொழும்பில் கடைக்கு விற்றேன். ஒருமுறை இருமுறை அல்ல, நான்கு வருடங்கள் விற்றேன். அதற்கான தண்டனை அவளுடைய கணவர்மேல் விழுந்தது. அது தெரிந்த பிறகும் எட்டு மாதங்கள் வாய் திறக்காமல் இருந்தேன். இரண்டு குற்றங்களில் பின்னதுதான் பெரியது.

எதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். சிக்கனமாக வாழ்ந்ததற்குக் கேட்கமாட்டேன்.

நான் அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற சிறிது காலத்தில் மகளுக்குக் கொழும்பில் கம்பஸ் அனுமதி கிடைத்தது. விடுதியில் இடம் கிடைக்கவில்லை. மன்னாரில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, நானும் மனைவியும் மகளும் வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டின் கீழே இரண்டு அறைகள் எடுத்தோம். ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போனது. மீதியில் மூன்று பேர் வாழ வேண்டும்.

வாழ்ந்தோம். சந்தை மூடுகிற நேரம் பார்த்து மரக்கறி வாங்கப் போவேன். கத்தரிக்காயின் ஒரு பக்கம் அழுகியிருந்தாலும் மறுபக்கம் நன்றாகத்தான் இருக்கும். நான்கு வருடங்கள் அந்த மறுபக்கத்தைத் தின்று வாழ்ந்தோம். சட்டைக் கொலர் நைந்தால் மனைவி அதைப் பிரித்து, திருப்பி வைத்துத் தைப்பாள். காலையில் ஒரு தடவை தண்ணீர் கொதிக்கவைத்துச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றினால் இரவு தேநீர் வரைக்கும் அதுதான். பத்திரிகையைச் சலூனில் படித்தேன். முடி வெட்டுகிறவர் ஒருநாள், “ஐயாவுக்குத் தலையிலை ஒண்டும் இல்லை. எல்லாம் பேப்பரிலைதான் இருக்கு, அதுக்குத்தான் வாறார்” என்றார். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எங்கள் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “படிச்ச மனிசன் ஏன் இப்பிடிக் கிடந்து சீரழியிறீங்கள்?” என்று கேட்டார். “சீரழியேல்லை. மூண்டு பேர் மூண்டு நேரமும் சாப்பிடுறம், ஒருத்தி படிக்கிறாள். இதிலை எது சீரழிவு?” என்று திருப்பிக் கேட்டேன். அவர் வேறு கதைக்கு மாறிவிட்டார். அந்தக் கேள்வியை இன்றைக்கும் யாரும் என்னிடம் கேட்கலாம், அதே பதில்தான்.

கருவாட்டின் கதைக்கு வருகிறேன். என் தங்கை மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாயில் இருக்கிறாள். அவளுடைய கணவர், எனக்கு மச்சான், ஒரு சம்மாட்டியாரின் படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். படகும் வலையும் சம்மாட்டியாருடையவை. ஏலம் போனதும் காசைப் பங்கு பிரிப்பார்கள். ஆனால் ஏலத்துக்கு முன்னதாகவே, படகில் போன ஒவ்வொருவருக்கும் முன்னால் மணலில் கொஞ்சம் மீன் ஒதுக்கி வைப்பது அந்தக் கரையின் வழக்கம். அதைக் கறிக்கு வைக்கிறது என்பார்கள். அதை நிறுப்பதில்லை, பங்கில் கழிப்பதில்லை. அது வீட்டுச் சட்டிக்குப் போக வேண்டும், அல்லது உறவுக்காரரின் சட்டிக்கு. விலைக்குப் போகக்கூடாது. கறிக்கு வைத்த மீனை விற்கிறவன், எல்லோருக்கும் உரிய காசை மற்றவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே தனியாக எடுத்துக்கொண்டவன்.

தங்கை தன் வீட்டில் சின்ன மீனைச் சமைத்துவிட்டு, பெரியதைக் கீறி உப்புப் போட்டு எங்களுக்கென்று காயவைப்பாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மச்சான் அதை ஒரு உமலில், பனையோலையில் இழைத்த அந்தப் பையில், கட்டிக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்.

முதல் உமல் வந்த அன்று மனைவி நான்கு துண்டு பொரித்தாள். சோறு போடுமுன்னரே மேல்வீட்டு அம்மா படியிறங்கி வந்துவிட்டார். வீடு அவருடையது.

“இதென்ன மணம்? மேலை ஆக்கள் இருக்கேலாமல் கிடக்கு. இன்னொருக்கால் பொரிச்சால் நீங்கள் வேறை இடம் பாருங்கோ.”

அந்த வாடகைக்கு வெள்ளவத்தையில் வேறு இடம் கிடையாது. கருவாட்டை எறியவும் மனம் இல்லை. தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: இங்கே சமைக்க விடமாட்டார்கள், அனுப்பாதே என்று. அதைச் சொல்ல என் கௌரவம் விடவில்லை. எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். மன்னாரில் இருந்த காலத்தில் திருநாள் பூசையில் வாசகம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் கொழும்பில் கருவாடு பொரிக்க அனுமதியில்லாத அறையில் ஒடுங்கிக் கிடக்கிறான் என்று அவள் அறியக்கூடாது. அழுகிய கத்தரிக்காய்க்கு வெட்கப்படாதவன் இதற்கு வெட்கப்பட்டேன். உமலை எடுத்துக்கொண்டு இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, இனி வருவதையும் கொண்டுவரச் சொன்னார்.

மனைவி அன்றைக்கே தடுத்தாள்.

“இஞ்சாருங்கோ, அது கறிக்கு வைச்ச மீன். விக்கிற மீனில்லை.”

“இஞ்சை ஆருக்குத் தெரியப்போகுது?”

“கடவுளுக்குத் தெரியும்.”

“கடவுளுக்கு இந்த வீட்டு வாடகையும் தெரியும்.”

அந்தப் பதிலை அப்போது பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன். அந்தக் காசில் மகளின் புத்தகங்களும் மின்சாரப் பில்லும் ஒப்பேறின. தட்டுப்பாட்டு வருடத்தில், எல்லோரும் காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்றபோது, கருவாட்டின் விலை ஏறியது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இதையும் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை போன் எடுப்பாள். “போனமுறை அனுப்பின அறக்குளா எப்பிடி அண்ணன்? எனக்கெண்டால் உப்புக் கூடிப்போச்சோ எண்டு யோசினை.”

“இல்லையம்மா, அளவாய் இருந்தது.”

“அண்ணி குழம்பு வைச்சவவோ, பொரிச்சவவோ?”

“பொரிச்சது.”

வாயில் வைக்காத மீனுக்கு ருசி சொன்னேன்.

நாலாம் வருடத்தில் ஓலைத்தொடுவாய்க்காரர் ஒருவர் பாஸ்போர்ட் அலுவலாகக் கொழும்புக்கு வந்தார். வந்தவர் அந்தக் கடைக்கு ஏதோ வாங்கப் போயிருக்கிறார். கடைக்காரர் கருவாட்டை உமலோடு சேர்த்தே வாசலில் தொங்கவிடுவார், மன்னார்ச் சாமான் என்று காட்டுவதற்காக. என் தங்கை உமலின் வாயை நீல வலைநூலால் குறுக்கே பின்னித்தான் கட்டுவாள். வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. வந்தவர் அதைப் பார்த்துவிட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்க, “நேரா ஓலைத்தொடுவாயிலையிருந்து வருது, ஒருமுறையும் தவறாது” என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

கதை எனக்கு முன்னால் கரைக்குப் போய்விட்டது. மச்சான் பஸ்ஸில் உமல் ஏற்றுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அண்ணன் குடும்பத்துக்குச் சாப்பிட என்று அவர் சொன்னதை இப்போது யார் நம்புவார்கள்? யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை படகு கரைக்கு வந்ததும் எல்லோருக்கும் முன்னால் மணலில் மீன் ஒதுக்கினார்கள். அவருக்கு முன்னால் வைக்கவில்லை. அவ்வளவுதான். அந்தக் கரையில் அதற்குமேல் ஒரு சொல் தேவையில்லை. பன்னிரண்டு வருடங்கள் அந்தப் படகில் போனவர் வெறும் உமலோடு வீட்டுக்கு நடந்தார். அதற்கடுத்த நாள் தொழிலுக்குப் போகவில்லை. கொஞ்ச நாளில் முசலிப் பக்கத்தில் கருவாடு காயவைக்கும் ஒரு வாடியில் மீன் சுமக்கிற கூலி வேலைக்குப் போய்விட்டார். சனிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவார்.

உமல் வராததைக் கண்டு நான்தான் தங்கைக்குப் போன் எடுத்தேன். “காத்துக் காலம் அண்ணன், மீன் படுகுதில்லை” என்றாள். என்னிடம் அதற்குமேல் சொல்லவில்லை. மனைவியிடம் அழுது எல்லாம் சொல்லியிருக்கிறாள். கருவாடு எப்படிக் கடைக்குப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. பஸ்காரர்தான் ஒன்றிரண்டு உமலைக் களவெடுத்து விற்றிருக்கிறார், தன் மனம் நோகக்கூடாதென்று நான் அதை மறைத்திருக்கிறேன் என்று நம்பினாள். மனைவி என் முன்னால் வந்து நின்றாள்.

“இப்ப சொல்லுங்கோ.”

“சொல்லுறன்.”

எட்டு மாதங்கள் சொல்லிக்கொண்டே இருந்தேன், சொல்லுறன் என்று. மகளின் கடைசிப் பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு அவளுக்கு வேலை கிடைக்கட்டும் என்றேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். கருவாடு விற்ற உத்தியோகத்தர் என்ற பெயரோடு சாக விருப்பமில்லை. வேறொருவர் அந்தப் பெயரோடு மீன் சுமந்துகொண்டிருந்தார்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சுவாமியார் இளவயதுக்காரர், நல்லவர். மன்னிப்பும், அபராதமாகச் சொல்ல ஒரு செபமாலையும் தந்தார்.

“சுவாமி, இது காணுமோ?” என்று கேட்டேன்.

“ஆண்டவர் மன்னிச்சிட்டார். இனி அதைக் கிளறினால் ரெண்டு குடும்பத்துக்கும் நோகும். விட்டிடுங்கோ.”

“ஆண்டவரின்ரை படகிலை எங்கடை மச்சான் போகேல்லையே, சுவாமி” என்று சொல்லிவிட்டு எழும்பினேன். கோயிலில் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. ஆனால் சொன்னது சரி.

அடுத்த கிழமை மன்னாருக்கு பஸ் ஏறினேன். தங்கை வீட்டுக்குப் போகாமல் நேரே கரைக்குப் போனேன். ஏலம் முடிந்திருந்தது. சம்மாட்டியார் கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆறேழு பேர் வலையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கோ சேர். கொழும்பிலை மீன் முடிஞ்சுதோ?” என்றார் சம்மாட்டியார்.

“கருவாடு வித்த கதை சொல்ல வந்தனான்” என்றேன். வலை உதறிய கைகள் நின்றன. நின்றபடியே முழுவதையும் சொன்னேன். கடை, மேல்வீட்டு அம்மா, நான்கு வருடங்கள், தங்கைக்குச் சொன்ன பொய்கள். மச்சானுக்கு எதுவும் தெரியாது என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

முதலில் ஒருவர் சிரித்தார். “பாத்தியளே! தங்கச்சி உப்புப் போட, அண்ணன் கடை போட்டிருக்கிறார்.”

“படிச்ச மனிசன். எங்களுக்கு இந்த யோசினை வருமோடாப்பா?” என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். அதற்குத்தானே போயிருந்தேன்.

சம்மாட்டியார் சிரிக்கவில்லை. “இதை அப்பவே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நல்ல தொழிலாளி மிஞ்சியிருப்பான், சேர்.”

“சொல்லாதது என்ரை பிழை. கேளாதது ஆரின்ரை பிழை? பன்னிரண்டு வருசம் உங்களோடை கடலுக்கு வந்த மனிசன். நீ வித்தனியோ எண்டு ஒருக்கால் கேட்டனீங்களோ?”

சம்மாட்டியார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவனுக்கு வழக்காட என்ன உரிமை என்று கேட்கலாம். உரிமை இல்லைதான். ஆனாலும் கேட்டேன். கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

பிறகுதான் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் முழுவதையும் கேட்டாள். அழவில்லை.

“உப்புப் போடேக்கை உங்கடை வாயை நினைச்சுத்தான் போட்டனான்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். நான் வெளிக்கிடும் வரைக்கும் வெளியே வரவில்லை.

சம்மாட்டியார் அந்தச் சனிக்கிழமையே ஆள் அனுப்பினார். மச்சான் போகவில்லை. ஒரு மாதம் கழித்து சம்மாட்டியார் தானே வீட்டுக்கு வந்தார். மச்சான் அவருக்குக் கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவைத்தார். அந்தப் படகில் மட்டும் ஏறமாட்டேன் என்றார். என்னிடம் சொன்னது இது: “நீங்கள் வித்தது பெரிசில்லை. கஷ்டம் எண்டு சொல்லியிருந்தால் ஏலத்திலை வாங்கி அனுப்பியிருப்பன், வித்திருக்கலாம். அவங்கள் ஒரு சொல்லும் கேளாமல் வெறும் மணலைக் காட்டினவங்கள். அதைத்தான் என்னாலை விழுங்கேலாமல் கிடக்கு.” இப்போது வேறொரு கரையிலிருந்து வேறொருவரின் படகில் போகிறார். சைக்கிளில் ஒரு மணித்தியாலம் கூடுதலாக மிதிக்க வேண்டும். அந்த ஒரு மணித்தியாலம் என்னால் வந்தது.

மகளுக்கு வேலை கிடைத்ததும் நாங்கள் மன்னாருக்குத் திரும்பிவிட்டோம். தங்கை என் மனைவியோடு பேசுகிறாள். என்னோடு தேவைக்குப் பேசுகிறாள்.

நான் சொன்னது ஒரு கரையில். பொய்க் கதையோ அதற்குள் எல்லாக் கரைகளுக்கும் போய்விட்டது. போன வைகாசியில் முசலிப் பக்கத்தில் ஒரு கலியாண வீடு. பந்தியில் எனக்கு எதிரே மச்சான் இருந்தார். எனக்கு அடுத்து இருந்த ஒருவர், நான் யாரென்று தெரியாமல், தனக்கு மறுபக்கம் இருந்த ஆளிடம் மெதுவாக, “அந்தா இருக்கிறார், அவர்தான் கறிமீனைக் கொழும்புக்கு வித்தவர்” என்றார்.

சோற்றுக் கையோடு எழும்பினேன். மனைவி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். “இருங்கோ, கலியாண வீடு.”

“அவர் விக்கேல்லை. வித்தது நான்” என்றேன். பந்தி முழுவதும் கேட்கும்படியாகவே சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, கேட்காமல் இருக்க முடியாதவர்போல, “நல்ல விலை போச்சுதோ?” என்றார்.

“ஓம். நல்ல விலைக்குத்தான் வித்தனான்.”

எதிரே மச்சான் தலை நிமிரவில்லை. தன் சோற்றைக் குழைத்துக்கொண்டே, “இருந்து சாப்பிடுங்கோ மச்சான், சோறு ஆறுது” என்றார். நான் இருந்தேன். அடுத்த கலியாண வீட்டிலும் யாராவது சொன்னால் எழும்புவேன்.