பலகையில் அழிந்த பாதி

நான் எழுதியதில் பாதியை மட்டும் வெட்டி எடுத்து, என் பெயரோடு போட்டு, அதற்குக் கீழே வீரமாகப் பதில் எழுதுகிறவர்களைக் கைபேசிக் குழுக்களில் தினமும் பார்க்கிறேன். கேட்டால், நீளமாக இருந்தது, சுருக்கினேன் என்கிறார்கள். எனக்குக் கோபம் வரும். ஒருவர் சொன்னதை எடுத்தால் அர்த்தம் கெடாமல் எடு. அவரே இன்னொருவர் பேச்சை எடுத்துச் சொல்லியிருந்தால் அதையும் சேர்த்து எடு. இவ்வளவுதான் மரியாதை. இதைச் செய்யாமல் விட்ட ஒருவரால் நான் அவமானப்பட்டது அறுபதுகளின் கடைசியில், காரைக்குடியில்.

எங்கள் தெருமுனைப் படிப்பகத்தின் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. தச்சு வேலை செய்த நான் செய்து கொடுத்ததுதான். யாராவது ஒரு கேள்வியை எழுதிவைப்பார்கள். மற்றவர்கள் சாக்பீஸால் பதில் எழுதி அடியில் பெயர் போடுவார்கள். இடம் நிறைந்துவிட்டால், அடுத்து எழுதுகிறவர் தான் எதற்குப் பதில் சொல்கிறாரோ அதையும் அதை எழுதியவர் பெயரையும் விட்டுவிட்டு, மற்றதை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். அதுதான் வழக்கம். தெருவில் போகிறவர்கள் நின்று படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது சத்தமாக வாசித்துக் காட்டுவார்கள்.

அந்த வாரக் கேள்வி, பெரிய வீடுகளைப் பிரித்து விற்பது சரியா என்பது. அப்போது ஊரில் அதே பேச்சு. பர்மாவில் சொத்தைப் போட்டுவிட்டு வந்த குடும்பங்கள் தேக்குத் தூண்களையும் கதவுகளையும் கழற்றி விற்றுக்கொண்டிருந்தன. அடுத்த தெருவில், கணவரை இழந்த ஓர் ஆச்சி, மகள் கல்யாணத்துக்காகத் தன் வீட்டின் பின்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரிக்கிற வேலை அப்பாவுக்கும் எனக்கும். அதை விட்டால் எங்களுக்கு வேறு வேலை இல்லை.

நான் பலகையில் எழுதியது இது: 'வீட்டை விற்றுத் தின்கிறவர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள் என்று சிலர் பேசுகிறார்கள். அப்படிப் பேசுவது தப்பு. அவர்கள் கஷ்டம் நமக்குத் தெரியாது.'

படிப்பகத்தின் செயலாளர் ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர். மறுநாள் காலையில் பதில் எழுத வந்த அவருக்கு இடம் போதவில்லை. 'தெரியாதவர்கள்' வரைக்கும் விட்டுவைத்தார். மீதியைத் துடைத்தார். அடியில் என் பெயர் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, நொந்தவர்களைப் பழிக்காதே என்று எனக்குப் பெரிய எழுத்தில் புத்திமதி.

அன்று சந்தை நாள். சாயங்காலம் வேலை முடிந்து டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்னப்பா, சோறு போடுற வீட்டுக்காரவுகளையே பலகையில வாங்கு வாங்குன்னு வாங்கிட்டியாமுல்ல?"

ஓடிப்போய்ப் பலகையைப் பார்த்தேன். செயலாளர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அழிச்சீக? நான் சொல்ல வந்ததே மிச்சப் பாதியிலதான இருந்துச்சு!"

"அட, இடம் இல்லப்பா. நீ பலகைய இன்னும் ரெண்டு சாண் நீளமா செஞ்சிருந்தா உன் எழுத்து முழுசா நின்னிருக்கும்."

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரை அடித்திருப்பேன். அதற்குள் அப்பா வாசலில் வந்து நின்றார். "வாடா, ஆச்சி கூப்பிட்டு விட்டிருக்காக."

ஆச்சி வீட்டில் நாங்கள் கழற்றிய தூண்கள் கீழே கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஆச்சி நின்றிருந்தார். கோபத்தைவிட அழுகைதான் முகத்தில் தெரிந்தது.

"கோயிலுக்குப் போயிட்டு வாரேன், ஒருத்தன் வாசிக்கிறான், நாலு பேரு என்னையப் பாத்துச் சிரிக்கிறாக. எங்க வீட்டுத் தூணக் கழட்டிக்கிட்டே இப்படி எழுதுனியாக்கும்?"

"அது நான் சொன்னது இல்ல ஆச்சி. சிலர் பேசுறாக, அது தப்புன்னுதான் எழுதுனேன். பாதிய அழிச்சுப்புட்டாக."

"அப்ப அந்தச் சிலரு யாரு? பேரச் சொல்லு."

அந்தச் சிலர் என் அப்பா. போன வாரம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆச்சியைப் பற்றி அப்படியே சொன்னவர் அவர்.  அவரிடம் நேரில் சொல்ல முடியாத பதிலைத்தான் பலகையில் எழுதினேன்.

இப்போது அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகட்டித் தரையைப் பார்த்து நின்றார். அவரே சொல்வார் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்தார்.

"படிப்பகம் படிப்பகம்னு திரிஞ்சா இப்படித்தான் ஆச்சி. சின்னப்பய. மன்னிச்சுருங்க."

எனக்குக் கல்யாணமாகிக் கைப்பிள்ளை இருந்தது. சின்னப்பய. அவர் பேச்சுக்கு அவரே என் பெயரில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைக் காட்டிக்கொடுத்தால் வேலையும் போகும், ஆச்சிக்கு அவர் மேல் இருந்த நம்பிக்கையும் போகும். எனக்கு என்னை நினைத்து வந்த வெட்கத்தைவிட அவரை நினைத்து வந்த வெட்கம்தான் தாங்கவில்லை.

"நான்தான் சொன்னேன் ஆச்சி" என்றேன்.

"உங்கப்பா மூஞ்சிக்காக விடுறேன். அவுகளே வேலைய முடிக்கட்டும். நீ இனிமே இந்தப் படி மிதிக்கக் கூடாது."

திரும்பும்போது அப்பா தெருமுனையில் நின்று கேட்டார்: "நான் சொன்னத நீ எதுக்குடா அங்க எழுதுனே?"

பேரைச் சொல்லாமல்தானே எழுதினேன் என்று சொல்ல நினைத்தேன். 

தூண்களை ஏற்ற லாரி வந்த அன்று நான் எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்றிருந்தேன். கடைசித் தூணைத் தூக்கி வந்தவர்கள் பாரம் தாங்காமல் வாசற்படிக்கு உள்ளேயே நின்றுவிட்டார்கள். "இன்னும் ஒரு ஆளு வேணும், யாராச்சும் கை குடுங்கப்பா" என்று அப்பா கத்தினார். ஆச்சி மிதிக்கக் கூடாது என்ற படிக்கு வெளியே, தூண் தூக்கப் பழகியவன் நான் ஒருவன்தான் சும்மா நின்றேன். தெருவே என்னைப் பார்த்தது. அப்பாவும் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, லாரியில் உட்கார்ந்திருந்த டிரைவரைக் கூப்பிட்டார்.