என் ஜெபத்தை நிறுத்தி என் மகளைக் காப்பாற்றிய தேவன்

பாஸ்டர், நீங்கள் சபைக்கு முன்னால் நின்று பொய் சொன்னீர்கள்.

கிருபாவை சபையின் உபவாச ஜெபம் காப்பாற்றியது என்று மைக்கைப் பிடித்துச் சொன்னீர்கள். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். கிருபா என் மகள். அவள் அடிபட்டுக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அந்த உபவாச ஜெபத்தை நடத்தியவள் நான். எங்கள் ஜெபம் அவளைக் காப்பாற்றவில்லை. எங்கள் ஜெபத்தை நிறுத்தியவர்களால் அவள் பிழைத்தாள். இதை சாட்சி நேரத்தில் சொல்ல அனுமதி கேட்டேன். நேரமில்லை என்றீர்கள். அதனால் எழுதுகிறேன்.

விசுவாசிகளே, என் பெயர் எஸ்தர். ஞானஸ்நானத்துக்கு முன்பு அஞ்சலை. ஊரில் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வில்லியனூர் பக்கத்துக் கிராமம். கரும்புக் கொல்லையில் கூலி வேலை. என் வீட்டுக்காரர் செத்தபோது தூக்க ஆள் வந்தது சபையிலிருந்துதான். அதை நான் மறுக்கவில்லை. அன்றிலிருந்து பாஸ்டர் சொல்லைத் தட்டியதில்லை. அவருக்குக் கீழ்ப்படிந்தால் கர்த்தருக்குக் கீழ்ப்படிந்த மாதிரி என்று நம்பினேன்.

ஸ்டீபன் அவர் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை. கம்பெனியில் ஷிப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு. சபைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அந்தச் சந்தில் வாடகை வீடு. குடிப்பழக்கம் இல்லை. பீடி சிகரெட் இல்லை. கைதான் நீளம். போனை எடுக்க நேரமானால் அடி. எதிர்த்துப் பேசினால் அடி. பேசாமல் இருந்தால் இன்னும் அடி.

முதல் தடவை அவள் என் வீட்டுக்கு வந்தபோது நான் பாஸ்டரிடம் ஓடினேன்.

"மன்னிச்சு அனுப்புங்க சிஸ்டர். அவனுக்காக நாம ஜெபிப்போம். பொறுமையா இருந்தா புருஷனையே மனந்திருப்பி ஆதாயப்படுத்தலாம்" என்றார்.

நான் அனுப்பினேன். பொறுமையாக இருந்தது நான் இல்லை. அவள்.

பிறகு அவள் முகத்தைப் பற்றி ஊர் கேட்க ஆரம்பித்தது. கரும்பு வெட்டுக் காலம். என்னோடு கொல்லைக்கு வந்தாள், கரும்புச் சோகை இலை கிழித்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். எங்கள் தெருவில் சபைக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாயின் மனைவி ஹசீனா அக்காவிடமும் அதையே சொன்னேன். அரிசி நிறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சோகை கீறினா கோடு கோடாதானே இருக்கும்? இது கன்னிப்போயி இருக்குதே அஞ்சலை. உங்க கொல்லையில சோகைக்கு கை முளைச்சிருக்குதா?"

அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் மேல்தான் கோபம் வந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஏனென்றால் அந்தக் குடும்பம் எங்களுக்கு ஏற்கெனவே ஆகாது. சபை ஸ்பீக்கர் சத்தம் அதிகம் என்று பாய் பலமுறை வந்து கேட்டுப் போயிருக்கிறார். குரலை உயர்த்தாமல்தான் கேட்பார். நாங்கள் அவரை சுவிசேஷத்தின் சத்துரு என்றோம். "சத்துருவின் வாயைக் கட்டும் கர்த்தாவே" என்று அவர் கடைக்குக் கேட்கும்படி மைக்கில் ஜெபித்தோம். ஜெபித்தவள் நான். மறுநாள் அவர் கடையில்தான் பருப்பு வாங்கினேன்.

இரண்டாவது முறை கிருபா வந்தபோது உதடு கிழிந்திருந்தது. அன்று எனக்கும் பொறுக்கவில்லை. மகளிர் காவல் நிலையத்துக்குப் போவோம் என்று பஸ் ஏறினோம். மூலக்குளம் தாண்டுவதற்குள் பாஸ்டரின் போன் வந்துவிட்டது. யார் சொன்னார்களோ தெரியாது.

"சகோதரனை அவிசுவாசி முன்னால நிறுத்தப் போறீங்களா? சபை விஷயம் சபைக்குள்ள இருக்கட்டும். இது என் வார்த்தை இல்ல, தேவனோட வார்த்தை. கீழ்ப்படியுறதும் படியாததும் உங்க இஷ்டம்."

மூலக்குளத்தில் இறங்கினேன். அவளையும் இறக்கினேன். எதிர்ப்பக்கம் போய் வில்லியனூர் பஸ்ஸுக்கு நின்றோம். ரோட்டில் அவ்வளவு வண்டி, அவ்வளவு ஜனம். எல்லாரும் அவள் உதட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"பாஸ்டர் வேணான்னு சொல்லிட்டாருடி" என்றேன்.

"அவரு இன்னா சொன்னாருன்னு நான் கேக்கல. நீ இன்னாமா சொல்ற?"

பஸ் வந்தது. அவளை அந்தச் சந்து வரைக்கும் நானே கொண்டுபோய் விட்டேன். ஸ்டீபன் கதவைத் திறந்து, "ஸ்தோத்திரம் அத்தை" என்றான்.

மறு கன்னத்தைக் காட்ட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நான் காட்டியது என் கன்னத்தை இல்லை. என் மகளுடையதை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. பிளஸ் டூ பரீட்சை நடக்கும் சமயம். வழக்கம்போல் காலையிலேயே உபவாச ஜெபம் தொடங்கியது. பாஸ்டர் வெளியூர் போயிருந்தார். பெண்களை நடத்தும் பொறுப்பு என்னுடையது. இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர். அன்று நான் என் மகள் குடும்பத்துக்காகத்தான் ஜெபித்தேன். இது சத்தியம். "கிருபாவைப் பாதுகாத்துக்கொள்ளும், ஒரு தூதனை அனுப்பும்" என்று தொண்டை கிழியக் கேட்டேன். அம்பது பேர் கைதட்டி, ஆமென் என்றார்கள். எனக்கு மேல் எல்லாம் சிலிர்த்தது. ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

அதே நேரத்தில் சந்துக்கு அந்தப் பக்கம் ஸ்டீபன் கதவைச் சாத்திக்கொண்டு அவளை அடித்துக்கொண்டிருந்தான். காலை ஷிப்டுக்குப் போகாமல் வீட்டிலிருந்தான். எங்கள் சத்தம் தொடங்கிய பிறகுதான் அவன் தொடங்கினான் என்று கிருபா பின்னால் சொன்னாள். வெள்ளிக்கிழமை எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது என்பது அவனுக்குத் தெரியும். கீபோர்டுக்காரன் அல்லவா, ஸ்பீக்கர் எவ்வளவு தூரம் பேசும் என்பது அவனுக்குத் தெரியாதா?

பாய் சபை வாசலுக்கு வந்தது எனக்குத் தெரியாது. அவர் மகளுக்கு அடுத்த நாள் பரீட்சை. கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்ல வந்திருக்கிறார். வாசலில் நின்ற எங்கள் சபைச் சகோதரன், "ஜெபம் நடக்குது, அப்புறம் வா" என்று திருப்பிவிட்டிருக்கிறார். முன்பக்கம் பைக் அடைத்து நின்றதால் அவர் பின்சந்து வழியாக வீட்டுக்குத் திரும்பினார். அந்தக் கதவருகே வந்தபோதுதான் அவருக்குக் கேட்டது.

கதவை உடைக்கும்போதே, சந்துப் பக்கம் பின்வாசலில் நின்ற மனைவியைக் கத்திக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மைக் செத்துவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று கண்ணைத் திறந்தால் ஃபேன் ஓடுகிறது. கறுப்பு பர்தாவோடு ஹசீனா அக்கா பெண்களுக்கு நடுவில் நிற்கிறாள். கையில் ஆம்ப்ளிஃபையர் ஒயர். பிளக்கைப் பிடுங்கியிருந்தாள்.

"சாத்தானே!" என்று யாரோ அதட்டினார்கள்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். "இப்பவாவது கேக்குதா அஞ்சலை?"

கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "அம்மா" என்றுதான் கத்தினாள்.

எவ்வளவு நேரமாக அப்படிக் கத்தினாள்? என் காதில் விழவே இல்லை. இன்றைக்கும் அவளிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

பாய் அவனைக் கீழே தள்ளி மடக்கிப் பிடித்திருந்தார். கிருபாவின் இடது கை வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. தலையில் ரத்தம். பாயின் லோடு வண்டியில், எண்ணெய் டின்களை இறக்கிப்போட்டுவிட்டு, புதுச்சேரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் தலை என் மடியில். அப்போது ஜெபித்தேன். சத்தமில்லாமல். "ஆண்டவரே, நான்தான் அனுப்பினேன், என்னைப் பிடி, இவளை விடு." அவ்வளவுதான். வேறு வார்த்தை வரவில்லை.

தேவன் கேட்டார். மண்டை ஓட்டில் விரிசல் இல்லை. கை சேர்ந்துவிட்டது. மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு, "இனிமே எனக்கு கை தட்ட முடியாது, உபவாச ஜெபத்துக்கு லீவு" என்று அவள் சிரித்தபோது நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

பாஸ்டர், நீங்கள் அன்று மாலை வந்தீர்கள். அவள் நெற்றியில் ஜெப எண்ணெய் பூசினீர்கள். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னீர்கள். அவள் குடியிருந்தது ஓட்டு வீடு. அதில் ஏது மாடி? முதல் முறையாக உங்களுக்கு முடியாது என்றேன். போலீசாரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மூலக்குளத்தில் இறங்கியதையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு சபையில் எனக்குத் திருவிருந்து அப்பம் நிறுத்தப்பட்டது. கீழ்ப்படியாமையின் ஆவி எனக்குள் இருக்கிறதாம். ஸ்டீபன் ஜாமீனில் வந்தான், முன்வரிசையில் நின்று அழுதான், நீங்கள் கட்டிப்பிடித்தீர்கள், மறுவாரம் கீபோர்டில் உட்கார்ந்தான். அடிபட்டவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னிப்பைக் கொடுக்க வேண்டியவள் அவள். அவள் கையிலிருந்து பிடுங்கி நீங்கள் கொடுத்தீர்கள்.

கிருபாவிடம் நான் கேட்டேன், மன்னிப்பாயா என்று. "நானும் ஆண்டவரும் பாத்துக்கறோம். ஒருநாளு மன்னிச்சாலும் மன்னிப்பேன். ஆனா அந்த வூட்டுக்குப் போமாட்டேன். அது வேற, இது வேற" என்றாள். இத்தனை வருஷம் வேதம் வாசித்த எனக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

நான் பாய் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கூட்டமாக இருந்தது. எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். எல்லாருக்கும் கேட்கத்தானே ஜெபித்தேன்.

அவர் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் வாயைக் கட்டணும்னு ஜெபம் பண்ணீங்களே யக்கா. கட்டியிருந்தா அன்னிக்கு யாரு கத்தியிருப்பா? நல்லவேளை, உங்க சாமி அதைக் காதுல போட்டுக்கல."

கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். நான் கேட்ட ஒரு ஜெபத்தைத் தள்ளிவிட்டுத்தான் தேவன் இன்னொன்றைக் கேட்டார். தூதனை அனுப்பும் என்றேன். அனுப்பினார். வந்த பாயை வாசலிலிருந்து திருப்பி விரட்டியது நாங்கள். அவர் பின்சந்து வழியாகப் போய் வேலையை முடித்தார்.

விசுவாசிகளே, தேவன் ஜெபத்தைக் கேட்கிறார். என் மகள் உயிரோடு என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், அதுவே எனக்கு சாட்சி. அவரை நம்புங்கள். ஆனால் ஜெபிக்கும்போது ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் யார் அழுகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் பெண் ரத்தத்தோடு வந்தால் பாஸ்டருக்குப் போன் போடாதீர்கள். முதலில் கதவைத் திறந்து உள்ளே விடுங்கள். தேவனுக்குக் கீழ்ப்படிவது அங்கே தொடங்குகிறது. நான் மிகவும் பிந்திக் கற்றுக்கொண்டேன்.

என் பங்குக்கு நான் சொல்லிவிட்டேன். என் பெண்ணை அடிக்கிறவனிடம் கொண்டுபோய் விட்டவள் நான். வெட்கத்தோடு, பெயர் போட்டுச் சொல்கிறேன்.

இனி உங்கள் முறை, பாஸ்டர். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அதே மைக்கில், கிருபாவும் கேட்க, ஸ்டீபனும் கேட்க, வெளியே கடையில் பாயும் கேட்கும்படி சொல்லுங்கள்: அன்று மூலக்குளத்தில் எங்களை பஸ்ஸை விட்டு இறக்கியது தேவனுடைய வார்த்தையா, உங்களுடைய வார்த்தையா?