பிளாஸ்டிக் ஒழிப்பு மாநாட்டில் கிடைத்த கூரை

புதுச்சேரியில் சுற்றுச்சூழலுக்கென்று ஒரு பருவம் உண்டு. ஐப்பசியில் மேகம் கட்டத் தொடங்கும்போது அதுவும் தொடங்கிவிடும். பிரான்சில் குளிர் வருகிறது என்று அங்கே இருப்பவர்கள் இங்கே வந்து இறங்குவார்கள். உடனே கடற்கரைத் தூய்மை, ஏரிப் பறவை, பனை விதை, பருவநிலை மாற்றம் என்று அறிவிப்புகள் கிளம்பும். அத்தனை அறிவிப்பும் வந்து விழுகிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் நானும் சில காலம் இருந்தேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு லாரியில் கிளீனர், திருப்பூரில் பனியன் மூட்டை, குடகில் காபிக்கொட்டை, கடைசியாகப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி என்று போய்க்கொண்டே இருந்தேன். எந்த வேலையும் என்னை விரட்டவில்லை, நானும் எதிலும் நிலைக்கவில்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனியை விட்ட மறுநாள் காலை கடற்கரைச் சாலையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் என் கையில் கையுறையும் சட்டையும் கொடுத்து, “வாங்கண்ணா, மாற்றத்தை உங்ககிட்டேர்ந்து தொடங்குங்க” என்றாள். ஒரு மணி நேரம் குப்பை பொறுக்கினால் பொங்கலும் வடையும். இதைவிட மோசமான வேலையை இதைவிட மோசமான சாப்பாட்டுக்குச் செய்தவன் நான். அன்றே மாறிவிட்டேன்.

போகப் போகத் தொழில் பிடிபட்டது. விழிப்புணர்வு ஊர்வலம் என்றால் மோரோடு சரி. அரை நாள் பயிற்சிக்குச் சமோசா. முழு நாள் தன்னார்வலர் பயிற்சி என்றால் சாம்பார் சாதமும் தயிர் சாதமும். ‘சர்வதேச’ என்று ஒரு சொல் முன்னால் இருந்தால் தட்டை எடுத்துக்கொண்டு நாமே போட்டுக்கொள்ளும் சாப்பாடு. அங்கே பசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டாம் முறை வரிசையில் நிற்பார்கள். என்னிடம் இருந்த சட்டைகள் எல்லாமே எதையாவது காப்பாற்றச் சொல்லின. ஆமை, கடல், நீர், மண். நான் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு டீக்கடையில் நின்றால் புதியவர்கள் மரியாதையாக வழிவிடுவார்கள்.

அப்போது நான் வாய்க்கால் ஓரம் ஒரு குடிசையை ஒட்டி இறக்கிய சார்ப்பில் வாடகைக்கு இருந்தேன். குடிசைக்காரியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒயிட் டவுனில் ஒரு விடுதியில் அறை பெருக்கும் வேலை. கணவர் இல்லை. ஒரே மகளைத் தவளக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். அந்த மகளுக்கு வளைகாப்பு முடிந்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர வேண்டும். வரவில்லை. காரணம் கூரை.

முன்பாதிக்குத்தான் கீற்று. ஆள் படுக்கிற பின்பாதியில் கீற்று மக்கிப்போய் மூங்கில் சட்டத்தின் மேல் ஃப்ளெக்ஸ் பேனர் போர்த்தியிருந்தது. எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். விழா முடிந்ததும் பேனர் கூரைக்கு வரும். ஒரு கோடை வெயிலில் அப்பளமாக வெடிக்கும். அடுத்த மழைக்கு வேறு தேட வேண்டும். அக்காவின் கூரையில் இருந்தது யாரோ ஒருவருடைய காதுகுத்து பேனர். அதுவும் வெடித்துவிட்டது. சம்பந்தியம்மா ஒருமுறை மழையில் வந்து உட்கார்ந்துவிட்டு, “அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. இந்த ஒழுவல்ல புள்ளத்தாச்சிய அனுப்ப மாட்டேன். கூரைய சரி பண்ணிட்டு ஒரு வார்த்த சொல்லுங்க, நானே வந்து பாத்துட்டு அனுப்பறேன்” என்று போய்விட்டார். தலைச்சன் குழந்தையை மாமியார் வீட்டில் பெற்றால் அக்கா அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. வளைகாப்புச் செலவில் கையும் காலி.

கட்சிப் பேனரைக் கட்சிக்காரர்களே சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கல்யாணப் பேனர் சின்னது. சுற்றுச்சூழல் பேனர்தான் சரி. மேடை அளவுக்கு அகலம், நல்ல தடிமன், போட்டிக்கும் யாரும் வர மாட்டார்கள். ஆகவே நானும் அக்காவும் மாலைகளில் வாட்ஸ்அப் அறிவிப்புகளை உட்கார்ந்து படித்தோம்.

“பறவை எண்ணும் பயிற்சி. ஏரிக்கரையில.”

“அது வாணாம். மரத்துல மாட்டுவானுங்க, சின்னதா இருக்கும்.”

“கடலோரச் சமூகத்தின் குரல், கலந்துரையாடல்.”

“எத்தினி பேரு பேசறாங்க?”

“நாலு பேரு.”

“நாலு மூஞ்சின்னா பத்தடி. பத்தாது. வேற பாரு தம்பி.”

கடைசியில் வந்தது: பிளாஸ்டிக் இல்லாப் புதுச்சேரி, இரண்டு நாள் மாநாடு. பேச்சாளர்கள் பட்டியல் கைபேசித் திரையைத் தாண்டி நீண்டது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

மாநாட்டை நடத்திய அமைப்புக்கு ஒரு செயலாளர் இருந்தார். என்னை ‘பிரதர்’ என்பார், பெயர் கேட்டதில்லை. அவருக்கு மேலே தலைவராக ஒரு பெரியவர். அவருடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். இவரும் பாரிஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. எல்லோரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்பார்கள். அந்தக் கூட்டத்திலேயே சொன்னதை நம்புகிறவர் அவர் ஒருவர்தான். அதுதான் எங்களுக்கு வினையாக முடிந்தது. மாநாட்டுக்கு முந்தின நாள் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டார்.

“நோன், நோன், நோன்! பிளாஸ்டிக் வாணாம்னு பிளாஸ்டிக்லயே எழுதி மாட்டுவியாப்பா?”

அவர் சொன்னபிறகுதான் அது செயலாளருக்கே உறைத்திருக்க வேண்டும். அவசர அவசரமாகக் காடாத் துணியில் எழுதி மேடையில் மாட்டினார்கள். நான் முதல் நாள் காலை அரங்குக்குள் போய் மேடையில் துணியைப் பார்த்ததும் சாப்பாட்டு வாசனைகூட மறந்துபோனது.

ஆனால் இவர்கள் எதையும் வீணாக்க மாட்டார்கள். மாட்டாத ஃப்ளெக்ஸுக்கும் ஒரு நிகழ்ச்சி போட்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் தன்னார்வலர் பயிற்சி: பழைய ஃப்ளெக்ஸில் பை செய்தல். அதாவது கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டுவது. அக்கா விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு, புடவைக்கு மேலே என் ஆமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள்.

மாநாடு நடந்தது வேறொரு பெரிய விடுதியில். அதன் பின்புறப் புல்வெளியில் ஃப்ளெக்ஸை விரித்தார்கள். அக்கா ஓரத்தைத் தூக்கி மோந்து பார்த்தாள்.

“பழசா? மை வாசனகூட இன்னும் போவல.”

நேரே செயலாளரிடம் போனாள். “சார், இத வெட்டாதீங்க சார். எங்க ஊட்டுக் கூரைக்குக் குடுத்துடுங்க. பொண்ணு பிரசவத்துக்கு வரணும்.”

செயலாளர் பொறுமையாக விளக்கினார். “கூரையில போட்டா அது பிளாஸ்டிக்க பிளாஸ்டிக்காவே யூஸ் பண்றதும்மா. பையா மாத்தினாதான் மதிப்புக்கூட்டல். உங்கள மாதிரி ஆளுங்களுக்காகவே தை மாசம் ‘நிலையான கூரை’ன்னு ரெண்டு நாள் பயிற்சி போடறோம். பேர் குடுத்துட்டுப் போங்க.”

“தை மாசமா? அதுக்குள்ள என் பேரப்புள்ள குப்புற உழுந்துடும் சார்.”

சுற்றியிருந்த கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்துவிட்டுச் சாக்பீஸை எடுத்து ஃப்ளெக்ஸின் மேல் கோடு போடக் குனிந்தார். ஒரு பெண் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். சாப்பாட்டுக்காகப் போன அத்தனை மாநாடுகளிலும் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அதைச் செலவழிக்க வேண்டிய நேரம் இது என்று தோன்றியது.

“சார், சின்னச் சின்னதா நாப்பது பை பண்ணா போட்டோவுல தெரியாதே சார்.”

செயலாளர் நிமிர்ந்தார்.

“மொத்தத்தையும் மடிச்சி ஒரே பையா தெச்சா? புதுச்சேரியிலயே பெரிய பை.”

அவர் கண் எங்கேயோ போனது. எங்கே என்று எனக்குத் தெரியும். மறுநாள் செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்துக்கு.

“புதுச்சேரியா? இந்தியாவிலயே பெருசா இருக்கும் பிரதர்!” என்றார். அதை யாரும் சரிபார்க்கவில்லை. கத்தரிக்கோல்கள் கீழே போயின, கோணி ஊசிகள் வந்தன. இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் தைக்க வேண்டும். அக்கா எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து பெரிய பெரிய தையலாக ஓட்டினாள்.

“கொஞ்சம் நெருக்கமா போடுங்கம்மா.”

“போட்டோவுக்கு இது தாங்கும் சார்.”

வெட்டாமல் தைத்தால் பிரிக்கவும் செய்யலாம் என்று அவள் மட்டும்தான் யோசித்துத் தைத்தாள். கயிற்றில் காது வைத்தார்கள். விருந்தினர்கள் பைக்குள் இறங்கி இடுப்பளவு நின்றுகொண்டு கட்டைவிரலை உயர்த்தினார்கள். மாவட்டத்தில் இனி பிளாஸ்டிக் பிழைக்காது என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு சாப்பாட்டு மணி அடித்தது. பையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விடுதி மேலாளர் வந்து, மாலையில் புல்வெளியில் ஒரு வரவேற்பு இருக்கிறது, இந்தக் குப்பையை எடுங்கள் என்றார்.

முசியே அப்போதுதான் வந்தார். பையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இத யாரு தூக்குவா?”

செயலாளர் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். “நான் தூக்கறேன் முசியே.” எதற்கு என்று கேட்டார். சொன்னாள். மகள், சம்பந்தி, காதுகுத்து பேனர் எல்லாம் சொன்னாள்.

“சரிம்மா. அடுத்த வெயில்ல கிழிஞ்சிடுமே. கிழிஞ்சா வாய்க்கால்லதான உழும்?”

“ஆமா. அப்ப வேற ஒண்ணு வேணும். நீங்கதான் அடுத்த வருசமும் மீட்டிங் போடுவீங்களே முசியே.”

அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாளில் அந்த மாநாட்டில் யாரும் அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்க்கவில்லை. “அல்லே, சரி, எடுத்துக்கினு போ” என்றார் கடைசியில். செயலாளர் மட்டும் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, அமைப்பின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

அக்கா வாக்கைக் காப்பாற்றினாள். தையலைப் பிரித்து, எழுத்தும் படமும் வீட்டுக்குள் பார்க்கும்படி, வெள்ளைப் பக்கம் வானம் பார்க்கும்படி போர்த்தினோம். ஓரத்தில் கல்லும் பழைய டயரும் வைத்துக் கட்டினோம். தவளக்குப்பத்துக்குச் சொல்லி அனுப்பினாள். சம்பந்தியம்மா பஸ் பிடித்து வந்தார். பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். அப்படியே எழுந்துவிட்டார்.

“இன்னா அண்ணி இது?”

“ஒழுவாது அண்ணி. புதுசு.”

“ஒழுவறது கெடக்கட்டும். பச்ச ஒடம்புக்காரி படுக்கற எடத்துல இத்தினி ஆம்பளைங்களா மேலேர்ந்து பாக்கறது? இவன் யாரு, போன் பேசிக்கினே பாக்கறான்?”

அது செயலாளர். பேச்சாளர்களைவிடப் பெரிதாகத் தன் படத்தைப் போட்டிருந்தார்.

“கண்ண மூடினாலும் தெரியுது இவன் மூஞ்சி. திருப்பிப் போடுங்க. அப்பதான் அனுப்புவேன்.”

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஏறு தம்பி” என்றாள். சம்பந்தியம்மா கீழே நின்று ஓரத்தைப் பிடித்துக் கொடுக்க, கட்டை அவிழ்த்துத் திருப்பிப் போட்டோம். இப்போது பிளாஸ்டிக் இல்லாப் புதுச்சேரி, பெயர், சின்னம், பேச்சாளர்கள் சகிதம் வாய்க்கால் பாலத்திலிருந்து எட்டுத் தெருவுக்குத் தெரிந்தது. அத்தனை பேர் அந்த வாசகத்தைப் படித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

திருப்பிப் போட்ட இரண்டாம் நாள் செயலாளர் என்னைப் போனில் கூப்பிட்டார். “பிரதர், பாலத்துலேர்ந்து பாத்தா என் மூஞ்சி தெரியுது. ஒருத்தன் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பறான்.”

அக்கா கைபேசியைப் பிடுங்கினாள். “சார், உங்க மூஞ்சி உள்ள பாத்தா எம்பொண்ணு வர முடியாதாம். அதான் வெளிய பாக்க உட்டுட்டோம்.”

“அத மொதல்ல எடுங்கம்மா.”

“எடுக்கறேன் சார். நீங்க வந்து பிரசவம் முடியற வரைக்கும் கையில புடிச்சிக்கினு நில்லுங்க. இப்பவே எடுத்துடறேன்.”

அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அடுத்த வாரம் சதுப்புநிலம் பற்றி ஒரு சர்வதேசக் கருத்தரங்கம் வருவதாகக் கேள்வி. எந்த இடம் என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் போயிற்று. நான் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கப் போனேன்.

மகள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இரண்டு பைகளோடு, மூச்சு வாங்கிக்கொண்டு. பின்பாதியில் பாய் மேல் போர்வை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தாள் அக்கா. சாயங்காலம் கடல் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. கூரையில் சத்தம், பேசினால் கேட்கவில்லை. அக்கா பழக்கத்தில் ஓடி ஓடி, எப்போதும் ஒழுகுகிற இடங்களில் குண்டானும் சொம்பும் வாளியும் வைத்தாள். வைத்துவிட்டு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒன்றிலும் சொட்டு விழவில்லை. மகள் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிட்டாள். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெரிய குண்டானை எடுத்துக்கொண்டு போய் உலை வைத்தாள்.