குரோஷா பிளவுஸும் முந்தானையின் எடையும்

மூன்றாவது சரணத்தின் நடுவில் ஸ்டெல்லாவின் இடது தோள் இறங்கியது.

இறங்கியது அவர் தானே பின்னி முடித்திருந்த மெரூன் நிற பிளவுஸின் தோள். பாட்டை நிறுத்தாமல் வலது கையால் அதை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார். அடுத்த வரியில் மறுபடியும் இறங்கியது. பீர்க்கன்கரணையில் என் வீட்டு மொட்டை மாடியில், வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் இது நடந்தது. அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு ஈஸ்டர். அன்று அந்த பிளவுஸைப் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் தன் சபையின் பாடகர் குழுவோடு அவர் நின்று பாட வேண்டும். பிளவுஸ் சரியாக வரவில்லை என்றால் கீழே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான்.

தன் உடையைத் தானே பின்னிப் போட்டுக்கொள்ள ஆசைப்படும் இளையவர்கள் இப்போது நிறையப் பேர், கொக்கி ஊசியால் நூல் பின்னும் என் குரோஷா வகுப்புக்கு வருகிறார்கள். கோடை வந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: இந்த வருஷம் என்ன ஃபேஷன்? அவர்களுக்காக இந்த பிளவுஸின் கதையை எழுதி வைக்கிறேன்.

1. பொம்மைக்கு வேர்க்காது

குரோஷா வகுப்பு தொடங்குவதற்கு முன் தாம்பரத்தில் ஒரு ஏற்றுமதி ஆடை கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். தைத்து வந்த சட்டையை பிளாஸ்டிக் பொம்மைக்குப் போட்டு, டேப் வைத்து அளந்து, சரி என்றால் பாஸ் போடுவது என் வேலை. பொம்மை கையைத் தூக்காது, பஸ்ஸில் ஏறாது, அதற்கு வேர்க்கவும் வேர்க்காது. வெளிநாட்டுக்குப் போகிற துணிக்கு அது போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

வகுப்பில் இரண்டு விதிகள் வைத்திருக்கிறேன். உடையைத் தொடங்கும் முன் அதே நூலில் கையளவு சாம்பிள் பின்ன வேண்டும். அதை அவரவர் வீட்டுத் தண்ணீரில் துவைத்து, கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டு, காய்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். பின்னல் துணி மேஜையில் கிடக்கும்போது ஒரு அளவும் தொங்கும்போது ஒரு அளவும் காட்டும். தண்ணீரும் அப்படித்தான். மேடவாக்கத்தில் லாரித் தண்ணீரில் துவைத்த காட்டன் அப்பளம் போல விறைக்கும். அதே நூல் எங்கள் ஏரிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் தளர்ந்துவிடும்.

கோடை ஃபேஷன் செய்திகளை வகுப்புக்குக் கொண்டு வருபவள் ரேவதி. மேடவாக்கத்திலிருந்து ஓ.எம்.ஆரில் ஒரு ஆபீசுக்கு வேலைக்குப் போகிற பெண். போனை எங்கள் மூக்குக்கு நேராக நீட்டுவாள்.

“அக்கா, இந்த சம்மர் ஃபுல்லா மெஷ்தான். டாப், ஸ்கர்ட், ஷ்ரக், எதை எடுத்தாலும் வலை.”

“எங்க வீட்டுக் கொசுவலையக் கூடத்தான் எலி கடிச்சிருக்கு. போட்டோ எடுத்துப் போடட்டா?” என்று ஸ்டெல்லா கேட்பார்.

ரேவதி விடமாட்டாள். போன கோடையில் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ள, பெரிய கட்டம் வைத்த வலை ஷ்ரக் ஒன்று பின்னி, ஸ்கூட்டரில் மகாபலிபுரம் போய் வந்தாள். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் வெயில் கட்டம் கட்டமாகக் கருத்திருந்தது. ஆபீசில் எல்லோரும் செஸ் ஆடலாமா என்று கேட்டார்களாம். அந்த ஃபேஷன் பிறந்த ஊர்களில் கோடை என்றால் வெயிலில் போய் உட்காருகிற காலம். நமக்கு அது நிழலைத் தேடி ஓடுகிற காலம். அதனால் படத்தில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நூல் காட்டனாக இருக்கட்டும், அக்ரிலிக் மாதிரி செயற்கை நூல் வேண்டாம். ஓட்டை சின்னதாக இருக்கட்டும். காற்று போக வேண்டிய இடத்தில் மட்டும் இருக்கட்டும். அக்குள், முதுகு, கை.

2. படிக்கட்டில் ஒரு ஆல்ட்டோ

ஸ்டெல்லா ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்பவர். என் வயதுதான். மாதவிடாய் நிற்கிற பருவம். நினைத்த நேரத்தில் மார்பிலிருந்து கழுத்துக்கு ஒரு சூடு ஏறும், முகம் சிவக்கும், தலை நனையும், கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும். டாக்டர் மருந்து கொடுத்திருந்தார். துணி காற்றோட்டமாக இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார்.

பாடகர் குழுவின் உடை அதற்கு நேர் எதிர். சந்தன நிறப் புடவை, மெரூன் பிளவுஸ், இரண்டுமே பாலியெஸ்டர். பிளவுஸுக்கு லைனிங் வேறு. மார்ச்சில் ஒரு ஞாயிறு, ஆராதனை நடுவில் சூடு ஏறி, பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வரிசையை விட்டு இறங்கி வெளிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். ஈஸ்டர் பாட்டில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல், தனியாகப் பாடும் ஒரு வரி உண்டு. அது இவருடையது.

குழுவை நடத்துபவர் கிரேஸ் மிஸ், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. அவர் சொன்னதை ஸ்டெல்லா அப்படியே எங்களிடம் பேசிக் காட்டினார்.

“‘ஸ்டெல்லா, ஈஸ்டருக்கு நீங்க கீழ உக்காந்துக்கோங்க. உடம்பு முக்கியம். அந்த லைன ஜாய்ஸ் பாடட்டும்.’ உடம்பு முக்கியமாம்! கீழ உக்காந்தா என் உடம்பு கொதிக்காதா?”

“காட்டன் பிளவுஸ் ஒண்ணு தச்சுப் போட்டுக்கிறேன்னு கேட்டுப் பாக்க வேண்டியதுதானே?” என்றேன்.

“கேட்டேனே. ‘ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். அப்புறம் நம்ம குவயர் குவயர் மாதிரியா இருக்கும்? மார்க்கெட் மாதிரி இருக்கும்’னாங்க.”

கிரேஸ் மிஸ்ஸை நான் குறை சொல்லமாட்டேன். வரிசையை வரிசையாக வைத்திருப்பது அவர் வேலை. என் பழைய வேலையும் அதுதான். ஸ்டெல்லா விடாமல் கேட்டதில் கடைசியில் ஒரு நிபந்தனை கிடைத்தது: பெஞ்சில் இருந்து பார்த்தால் மற்ற பிளவுஸிலிருந்து வித்தியாசம் தெரியக் கூடாது.

ரேவதி உடனே போனை நீட்டினாள். “அக்கா, குரோஷா பிளவுஸ்! இப்ப செம ட்ரெண்ட். தூரத்துல இருந்து பாத்தா துணி மாதிரியே இருக்கும்.” அவள் காட்டியது ஒரு வெளிநாட்டுப் பெண் ஜீன்ஸுக்கு மேல் போட்டுக்கொள்ளும் கோடை டாப்பின் வீடியோ. நீளத்தைக் குறைத்து, முன்பக்கத்தை நெருக்கமான சிங்கிள் குரோஷா பின்னலாகவும், தோள் உட்பட முதுகு, அக்குள், கை மூன்றையும் சின்ன வலையாகவும் மாற்றி வரைந்து கொடுத்தேன். முன்பக்கத்துக்கு மட்டும் உள்ளே மெல்லிய மல் துணி.

மெரூன் சாயம் வேர்வையில் இறங்கிச் சந்தன நிறப் புடவையைக் கெடுத்துவிடும். ஈர வெள்ளைத் துணியால் நூலைத் தேய்த்துப் பார்த்ததில் முதல் நூல் சிவந்தது, இரண்டாவதும் சிவந்தது. மூன்றாவதுதான் தேறியது. ஸ்டெல்லா சாம்பிளைத் துவைத்தார், தொங்கவிட்டார், அளந்தார். ஒரு படியையும் விடவில்லை. பள்ளி இடைவேளையில், பஸ்ஸில், குழம்பு கொதிக்கும்போது என்று பின்னிக்கொண்டே இருந்தார். இத்தனை சுத்தமாக வேலை செய்கிறவர் எங்கள் வகுப்பில் வேறு யாரும் இல்லை.

3. மாடியில் ஒரு ஆராதனை

முடிந்த பிளவுஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது கச்சிதமாக இருந்தது. ரேவதி விசிலே அடித்தாள். நானும் டேப்பை மடித்து வைத்துவிட்டேன். ஸ்டெல்லாதான் சந்தேகப்பட்டார்.

“ரூம்ல ஃபேன் ஓடுது சுமதி. சர்ச்ல ஃபேன் எங்க தலைக்கு மேல இல்ல. நான் பொடவையும் கட்டிக்கிட்டு மாடில நின்னு பாடிப் பாக்கறேன். சூடு தாங்குதான்னு தெரியணும்.”

குழுவின் புடவையைக் கட்டி, முந்தானையை மடித்து இடது தோளில் பின் குத்தி, பாட்டுப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். ரேவதியும் நானும் தண்ணீர்த் தொட்டி நிழலில் சபையாராக உட்கார்ந்தோம். சூட்டை பிளவுஸ் நன்றாகவே தாங்கியது. முதுகுல காத்து படுது என்று முதல் சரணம் முடிந்ததும் சொன்னார். மூன்றாவதில்தான் தோள் இறங்கியது.

கிட்டே போய்ப் பார்த்தேன். பின் குத்திய இடத்தில் வலையின் ஒரு கண்ணி ரூபாய் நாணயம் அளவுக்கு விரிந்திருந்தது. காரணம் அப்போதுதான் விளங்கியது. ஜீன்ஸுக்கு மேல் போடுகிற டாப் தன் எடையை மட்டும் சுமந்தால் போதும். புடவையோடு போடுகிற பிளவுஸ் முந்தானையின் எடையையும் சுமக்க வேண்டும், அதுவும் ஒற்றைத் தோளில், ஒரு பின்னின் முனையில். கையில் புத்தகம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த முனை இழுபடும். தைத்த துணி அதைத் தாங்கும். வலைப் பின்னல் இழுத்த பக்கம் போய்விடும்.

“அவ்வளவுதானா?” என்றார் ஸ்டெல்லா. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து புத்தகத்தால் விசிறிக்கொண்டார். “ஜாய்ஸ் நல்லாத்தான் பாடுவா. கொஞ்சம் மூக்கால பாடுவா, அவ்வளவுதான்.”

“அக்கா, தோள மட்டும் பிரிச்சுட்டு மறுபடி போடலாம்ல?” என்று ரேவதி கேட்டாள்.

“பிரிச்சாலும் இழுக்கத்தான் இழுக்கும். இழுக்காத ஒண்ண உள்ள வைக்கணும்,” என்றேன்.

டி-சட்டையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின் கழுத்தோரமாகத் தோளுக்குத் தோள் ஒரு நாடா ஓடும். பின்னல் துணி இழுபடாமல் இருக்க வைப்பது. அதே போலக் காட்டன் டேப் எடுத்து, இடது கையின் மேல் முனையில் தொடங்கி, தோள் வழியாகப் பின் கழுத்தைச் சுற்றி வலது தோள் வரை உள்பக்கம் கையால் தைத்தோம். பின் குத்தும் இடத்தில் ஸ்டெல்லா மிகச் சின்ன ஊசியில், நெருக்கமாக, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை பின்னி டேப்போடு சேர்த்துத் தைத்தார். இனி பின்னை அந்தப் பட்டையிலும் டேப்பிலும்தான் குத்த வேண்டும், வலையைத் தொடவே கூடாது.

மறுபடி மாடி ஏறினோம். இந்த முறை எல்லாச் சரணங்களையும் இரண்டு தடவை பாடினார். பக்கத்து மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா, “என்னங்க, உங்க வீட்ல ஈஸ்டர் முன்னாடியே வந்துடுச்சா?” என்று கேட்டார். தோள் இறங்கவில்லை.

4. பெஞ்சில் இருந்து

ஈஸ்டர் காலை ஆராதனைக்கு ரேவதியும் நானும் போனோம். எனக்கு எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாது. முன்னால் இருந்தவரைப் பார்த்துச் செய்தேன். மற்ற நேரமெல்லாம் என் கண் இரண்டாவது வரிசையில் ஒரு இடது தோளில் இருந்தது. மெரூன் வரிசையில் எது பின்னல், எது துணி என்று எனக்கே சட்டென்று பிடிபடவில்லை.

ஆல்ட்டோ வரிக்குச் சற்று முன் ஸ்டெல்லாவுக்குச் சூடு ஏறியது. வகுப்பில் பலமுறை பார்த்ததால் தெரியும்: முகவாயைக் கொஞ்சம் உயர்த்துவார், கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பார். நெற்றி பளபளத்தது. கிரேஸ் மிஸ் அவரைப் பார்த்தார், பிறகு ஜாய்ஸைப் பார்த்தார். ரேவதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டெல்லா கிரேஸ் மிஸ்ஸைப் பார்த்து இல்லை என்பது போல லேசாகத் தலையசைத்தார். தன் வரியைப் பாடினார். குரல் நடுங்கவில்லை. தோளும் அசையவில்லை. கடைசி ஆமென் வரை நின்றார்.

வெளியே கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிரேஸ் மிஸ் ஸ்டெல்லாவின் பின்னால் வந்து, கேட்காமலேயே முதுகுப் பின்னலை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். கிரேஸ் மிஸ்ஸின் பாலியெஸ்டர் பிளவுஸ் முதுகு முழுவதும் நனைந்து ஒட்டியிருந்தது.

“இதுல காத்து வருதா?”

“வருது மிஸ்.”

“கை மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா நல்லா இருக்கும்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “விலைக்குப் போட்டுக் குடுப்பீங்களா?”

“நாங்க விக்கிறதில்ல மிஸ். சனிக்கிழமை காலைல வாங்க, நீங்களே பின்னிக்கலாம்,” என்றேன்.

வந்தார். இப்போதும் வருகிறார்.

எங்கள் வகுப்பில் இப்போது மூன்றாவது விதி ஒன்று உண்டு. உடையைப் போட்டுக் கண்ணாடி பார்த்தால் மட்டும் போதாது. அதைப் போட்டுக்கொண்டு என்ன வேலை செய்யப் போகிறோமோ அந்த வேலையை மாடியில் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் கையை முன்னால் நீட்டி உட்கார்ந்து பார்க்கட்டும். போர்டில் எழுதுகிற ஆசிரியை கையைத் தூக்கி எழுதிப் பார்க்கட்டும். ஒவ்வொரு கோடைக்கும் ஃபேஷன் மாறும். யார் போடுகிறார், அதைப் போட்டுக்கொண்டு என்ன செய்கிறார் என்பதை எந்த வீடியோவும் உங்களுக்காகப் பார்த்து வைக்காது.

கிரேஸ் மிஸ் தன் பிளவுஸை முடித்தபோது அவரையும் மாடிக்கு ஏற்றினோம். குழு நடத்துகிறவர் அல்லவா, இரண்டு கையையும் வீசி வீசித் தாளம் போட்டுப் பாடினார். இரண்டாவது சரணத்தில் ஸ்டெல்லா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“மிஸ், சோல்டர் எறங்குது. மறுபடி முதல்ல இருந்து.”

கிரேஸ் மிஸ் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து தொடங்கினார்.