நிறுவனம்: அபார்ட்மென்ட் 14-சி

சாந்தாமணி அக்காவுக்கு அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. கோபிச்செட்டிபாளையத்துக்காரர், கணக்கில் எம்.எஸ்ஸி. கணவர் பசுபதியின் விசாவைப் பிடித்துக்கொண்டு 1994இல் பிளெய்ன்ஸ்பரோ என்ற இந்த ஊருக்கு வந்தார். அந்த விசாவில் சம்பளம் வாங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. யோசிக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. அதை அவர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டார்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நூற்று அறுபத்துமூன்று வீடுகள். தலைவர் பிச்சுமணி சார், பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். சங்கத்துச் சேதி என்றால் அவர் தமக்குப் பழக்கமான வீடுகளுக்குப் போன் செய்வார். அவர்கள் தங்களுக்குப் பழக்கமான வீடுகளுக்குச் செய்ய வேண்டும். அப்படியே எல்லோருக்கும் போய்ச் சேரும் என்பது ஏற்பாடு.

1996 ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை பெரும் பனி கொட்டியது. அன்றைய பொங்கல் ஒத்திகையைப் பிச்சுமணி சார் சனிக்கிழமை மதியமே ரத்து செய்துவிட்டார். ஆனால் சேதி பாதி வீடுகளுக்குக்கூடப் போகவில்லை. பசுபதியும் அக்காவும் பின் சீட்டில் குக்கர் நிறைய சர்க்கரைப் பொங்கலோடு கிளம்பி, ஒன்றாம் நம்பர் சாலையில் மூன்று மணி நேரம் சிக்கிக்கொண்டார்கள். குளிருக்கு அதையே அள்ளிச் சாப்பிட்டார்களாம்.

பனி வழித்த பிறகு அக்கா நேரே பக்கத்து பிளாக் ருக்மிணி வீட்டுக்குப் போய்க் கேட்டார்.

"ஏனுங்க்கா, உங்களுக்குச் சேதி வந்துச்சுதான? எங்களுக்கு ஏன் சொல்லலை?"

"போன தடவ நான்தான கூப்பிட்டேன்? நீ திருப்பிக் கூப்பிடவே இல்லியே. மறுபடி நானே போன் பண்ணா, இவளுக்கு வேற வேலை இல்லன்னு நெனைப்பே."

"ரோட்ட மூடிட்டாங்கன்னு சொல்றதுக்குமாக்கா முறை?"

"முறைன்னா முறைதான்மா. எனக்கும் மானம் ரோஷம் இருக்குல்ல?"

அக்கா கோபத்தோடுதான் வீடு திரும்பினார். ஆனால் அன்று சாயங்காலம் ஒரு தாளில் புள்ளிகள் வைத்தார். ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி. பழகும் வீடுகளுக்கு நடுவில் ஒரு கோடு. கோட்டின் நுனியில் ஓர் அம்புக்குறி: இப்போது யார் கூப்பிட வேண்டிய முறையோ, அங்கிருந்து மற்றவரை நோக்கி.

இதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நான் உங்களைக் கூப்பிட்டால், அடுத்த முறை உங்களுடையது. அதாவது ஒவ்வொரு போனும் அம்பைத் திருப்பிவிடுகிறது. தீபாவளிக்குப் பிச்சுமணி சார் தமக்குப் பழக்கமான வீடுகளை எல்லாம் கூப்பிட்டுவிட்டார். எனவே அந்தக் கோடுகளின் அம்புகள் எல்லாம் அவர் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டன. பொங்கலுக்கு அவர் தலைவர் என்பதால் மறுபடி கூப்பிடலாம். அவர் கூப்பிட்ட வீடுகளும் தீபாவளிக்குத் தங்கள் பங்குக்குப் போன் செய்தவர்கள்தான். இப்போது அவர்கள் முறை இல்லை. அங்கே சேதி செத்துப்போகிறது.

1998இல், பெருங்கூட்டத்தில் தூரத்து ஆட்களை இணைக்கும் கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தாலே யாரும் யாரையும் நாலைந்து கைமாற்றில் எட்டிவிடலாம் என்று ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் கட்டுரைகள் வர ஆரம்பித்தன. அக்கா பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து அவற்றைப் படித்தார். அவர் பார்த்த எதிலும் அம்புக்குறி இல்லை. அன்றே ஒரு நீளமான நோட்டு வாங்கி, வீடு வீடாகப் போய் ஒரே கேள்வி கேட்டார்: "உங்களுக்கும் அவங்களுக்கும் கடைசியா போன் பண்ணினது யாரு?" கல்யாணத் தரகு ஆரம்பித்துவிட்டாள் என்று சிரித்தார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை. அந்த வீட்டுக்கு ஐந்து முறை போனார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1999 அக்டோபரில் அந்த நோட்டோடு பிச்சுமணி சாரின் அலுவலகத்துக்குப் போனார். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண் விரிந்தது.

"பிரமாதமான டேட்டாம்மா! ஆனா இந்த அம்பெல்லாம் எதுக்கு? டெலிபோன் லைன் ரெண்டு பக்கமும் போறதோல்லியோ?"

"லைன் போகுதுங்க சார். மனுஷங்க போறதில்லை."

"அது சோஷியாலஜி. அம்பை எடுத்துட்டா அழகான பேப்பர். நானே எழுதறேன். கடைசில உங்களுக்குத் தேங்க்ஸ் போட்டுடறேன்."

"என் பேரு மேல வராதுங்களா?"

"பேருக்குக் கீழ இன்ஸ்டிட்யூஷன் போடணுமேம்மா. உங்களுக்கு எது?"

அக்கா கை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டார். "பொங்கலுக்கு ஹால் மாறுதுங்களே, அந்தச் சேதிய நீங்களே ஆரம்பிங்க சார். முப்பது வீடு தாண்டாது."

"தாண்டினா?"

"நோட்டை உங்களுக்கே குடுத்துடறேன். தேங்க்ஸ்கூட வேண்டாம்."

கேட்டதும் பசுபதி தலையில் கை வைத்தார். "க்ரீன் கார்டு வர்ற நேரத்துல புரொபசரோட வம்பு தேவையா சாந்தா? நாளைக்கு இதையும் வேலைன்னு சொல்லிட்டா?"

"சம்பளம் வாங்கினாத்தானுங்க வேலை. இது வெட்டி வேலை. வெட்டி வேலைக்கு விசா கேட்க மாட்டாங்க."

பொங்கல் விழாவுக்கு முந்தைய திங்கட்கிழமை பிச்சுமணி சார் சேதியை விட்டார். வியாழக்கிழமை காலை அக்கா தன் வீட்டிலிருந்து அதே சேதியை விட்டார். தன் வீட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. யாரையும் திருப்பிக் கூப்பிடாதவர் என்று ஊரெல்லாம் அவரைத்தான் திட்டியது. நோட்டின்படி அவர் வீட்டிலிருந்து முப்பத்தெட்டு அம்புகள் வெளியே கிளம்பின. அவ்வளவு அம்பு வேறு எந்த வீட்டுக்கும் இல்லை. முதல் போன் ருக்மிணிக்கு.

"அடி சண்டாளி! நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் கை வந்துச்சா?"

"ஆமாங்க்கா. ஹால் மாறிடுச்சு. அடுத்து நீங்க யாருக்குப் பண்ணணுமோ பண்ணுங்க."

"எனக்கு எட்டு வீடு பாக்கி இருக்குடி. வை போனை!"

சனிக்கிழமை விழா. புது ஹாலின் வாசலில் அக்கா பட்டியலோடு நின்றார். ஒவ்வொரு குடும்பத்திடமும், யார் சொன்னார்கள், எந்தக் கிழமை சொன்னார்கள் என்று கேட்டுக் குறித்தார். பிச்சுமணி சாரும் பக்கத்திலேயே நின்று எண்ணினார். புதன்கிழமைக்குள் தெரிந்த வீடுகள் இருபத்தெட்டு. வியாழனுக்குப் பிறகு தெரிந்தவை நூற்று இருபத்துமூன்று. மீதி பன்னிரண்டு குடும்பங்கள் பழைய ஹாலுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, தாமதமாக வந்து எல்லோரையும் திட்டின.

பிச்சுமணி சார் பட்டியலை வாங்கி மறுபடி ஒரு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு, "அம்பு இருக்கட்டும்மா. சேர்ந்தே எழுதுவோம். என் பேர் முன்னாடி இருந்தா சீக்கிரம் பிரசுரமாகும்," என்றார்.

"மெதுவாவே ஆகட்டுங்க சார்."

அக்கா தனியாக எழுதினார். ஏழு மாதம் ஆயிற்று. அனுப்பும் படிவத்தில் 'நிறுவனம்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஜெர்சி சிட்டியில் தான் வேலை பார்க்கும் வங்கியின் பெயரைப் போடச் சொன்னார் பசுபதி. அக்கா, 'அபார்ட்மென்ட் 14-சி, பிளெய்ன்ஸ்பரோ' என்று எழுதினார். முதல் பத்திரிகை படிக்காமலே திருப்பி அனுப்பியது. இரண்டாவது பத்திரிகை இரண்டு முறை திருத்தச் சொன்னது, திருத்தினார். கடைசியில், ஏற்றுக்கொள்கிறோம், நிறுவனத்தின் சரியான பெயரை மட்டும் தெரிவிக்கவும் என்று கடிதம் வந்தது.

அக்கா ஒரே வரியில் பதில் போட்டார்: "வேலை நடந்த இடத்தைத்தான் எழுதியிருக்கிறேன்; மாற்ற எதுவும் இல்லை."

இந்த 2001 மே மாதம் கட்டுரை அப்படியே அச்சில் வந்தது. அம்புக்குறிகளோடு, ஒரே பெயரோடு, எங்கள் கட்டடத்தின் எண்ணோடு.

போன வாரம் பசுபதி தபால் பெட்டியிலிருந்து ஒரு நீல உறையை எடுத்து, மாடிப்படியில் நின்றபடியே கத்தினார். கட்டடம் முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க டைரக்டரம்மா! உங்களுக்கு லெட்டர் வந்திருக்குதுங்க!"

உறையின் மேல் நிஜமாகவே 'இயக்குநர், அபார்ட்மென்ட் 14-சி' என்று தட்டச்சு செய்திருந்தது. எங்கோ பின்லாந்தில் ஓர் ஆராய்ச்சி மாணவர் நோட்டின் நகல் கேட்டிருந்தார். அக்கா மேஜையில் இருந்த வெண்டைக்காயை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேனாவைத் தேடினார்.

"அரிஞ்சு முடிச்சிட்டு எழுதறதுதான?" என்றார் பசுபதி.

"நீங்க அரிங்க. இப்ப என் முறை."